பொருள்: ‘லோ ப்ளோ’வுக்குத் தமிழ்: தாழ்குத்தா, கச்சைக்கீழ்க் குத்தா?

> லோ ப்ளோ = தாழ்குத்து; ராபிட் பஞ்ச் = முயல்குத்து. இரண்டும் சுருக்கமாக இருக்கின்றன. ஏற்கலாமா?

குத்துச்சண்டையில் விதிக்குப் புறம்பான குத்துகள் இவை: லோ ப்ளோ இடுப்புக்குக் கீழே விழுவது, ராபிட் பஞ்ச் பின்கழுத்தில் விழுவது. இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். முயல்குத்து என்று எழுதினால் குத்தியது முயலா, குத்துப்பட்டது முயலா என்றுதான் கேட்பார்கள். முயலைப் பின்கழுத்தில் அடித்துக் கொல்லும் வழக்கம் அந்த ஆங்கிலப் பெயருக்குள் இருக்கிறது. நமக்கு அது எதற்கு? பிடரி என்ற சொல் இருக்கிறதே. பிடரிக்குத்து. மண்டையோடும் கழுத்தெலும்பும் சேரும் இடத்தில் மூளைத்தண்டு இருப்பதால்தான் இந்தத் தடை. பின்மண்டையும் விதியில் அடங்கும் என்பதை விளக்கத்தில் சேர்த்தால் போதும். எதிராளி குனிந்து தலையைத் திருப்பினால், கன்னத்துக்கு விட்ட குத்துகூடப் பிடரியில் போய் விழும். ஆகவே பெயருக்குள் உள்நோக்கத்தை ஏற்றக் கூடாது.

தாழ்குத்துதான் சிக்கல். குனிந்து நின்று விலாவுக்கு விடும் குத்தும் தாழ்வானதுதான், ஆனால் அது விதிப்படி முழுக்கச் செல்லும். ‘தாழ்’ என்பது கை போன போக்கைச் சொல்கிறது. நடுவர் பார்ப்பதோ அது விழுந்த இடத்தை.

> அப்படியானால் ‘இடுப்புக்குக் கீழ்க் குத்து’ போதுமே, ஐயா?

பேச்சுக்குப் போதும், கலைச்சொல்லுக்குப் போதாது. தையல்காரர் எடுக்கும் இடுப்பளவு ஓரிடம். இடுப்பெலும்பு அதற்குக் கீழே வேறோரிடம். அந்த இடைவெளியில்தான் சண்டையே. 2023 ஆகஸ்ட் 26 அன்று போலந்தில் நடந்த கனரக (ஹெவிவெயிட்) வீரர்கள் உசிக், டுபுவா மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். 5ஆம் சுற்றில் டுபுவாவின் வலக்கைக் குத்து உசிக்கின் அரைக்கால்சட்டைப் பட்டையை ஒட்டி விழ, அவர் சரிந்தார். நடுவர் லூயிஸ் பாபோன் அதை எல்லைக்குக் கீழே விழுந்த குத்து என்றார். அதனால் அது வீழ்த்தலாகக் கணக்கில் ஏறவில்லை. உசிக் மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுத்தார் (உச்சவரம்பு 5 நிமிடம்), 9ஆம் சுற்றில் வென்றார். உசிக் பட்டையை உயர்த்திக் கட்டியிருந்தார், எல்லை உண்மையில் அதற்குக் கீழே என்பது டுபுவா தரப்பின் வாதம். ஆக, துணி எல்லையாகாது; உடலின் குறுக்கே கற்பனையாக இழுத்த கோடுதான் எல்லை. மணியடிக்கும் முன் நடுவர் இருவரின் இடுப்பிலும் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி, “இதற்கு மேலே விழுந்தால் செல்லும்” என்று சொல்வது இதற்காகத்தான். அவர் அதைச் சரியாகக் காட்டாவிட்டால் பிறகு எந்தச் சொல்லும் உதவாது.

அந்தக் கோட்டுக்குப் பெயர் வைத்தால் குத்துக்கும் பெயர் தானே வந்துவிடும். என் பரிந்துரை: கச்சைக்கோடு, கச்சைக்கீழ்க் குத்து.

> தொப்புளை அடையாளமாக வைத்துத் ‘தொப்புள்கோடு’ என்றால்?

ஓர் அச்சுப்பிழை நேர்ந்தால் போதும், தொப்புள்கொடி ஆகிவிடும்!

> கச்சை என்றால் இன்று மார்க்கச்சைதானே நினைவுக்கு வரும்?

தனியாக நின்றால் வரலாம். ஆனால் சண்டைக்குக் கச்சைகட்டுவது இன்னும் வழக்கில் இருக்கிறது. பக்கத்தில் ‘குத்து’ இருக்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள்.

இத்தகைய குத்துகளைக் குறிக்கும் ‘ஃபவுல்’ என்பதற்குத் ‘தவறு’ என்ற சொல்லையும் பொதுப்பெயராக வைக்க வேண்டாம். 1930 ஜூன் 12, நியூயார்க் யாங்கீ அரங்கம். காலியாக இருந்த கனரகப் பட்டத்துக்கான போட்டியின் 4ஆம் சுற்றில் ஷார்க்கியின் குத்து கீழே பட்டு ஷ்மெலிங் சுருண்டார். ஷார்க்கி தகுதிநீக்கம் ஆக, ஷ்மெலிங் படுத்தபடியே உலக வெற்றியாளர் ஆனார். கனரகப் பட்டத்தை இப்படி வென்றவர் அவர் ஒருவர்தான். அதன்பின் நியூயார்க்கில் குத்துச்சண்டையை நெறிப்படுத்தும் ஆணையம் கவட்டுக் காப்பைக் கட்டாயமாக்கி, கீழே பட்டதைக் காட்டி வெற்றி கேட்கும் வழியை அடைத்தது. போலந்து வீரர் கோலோட்டா வேறு வகை. 1996 ஜூலை 11 அன்று ரிடிக் போவுக்கு எதிராகப் புள்ளிகளில் முன்னணியில் இருந்துகொண்டே திரும்பத் திரும்பக் கீழே குத்தினார். மூன்று முறை புள்ளி கழித்த பிறகு, 7ஆம் சுற்றில் நடுவர் வெளியேற்றினார். டிசம்பர் மறுபோட்டியிலும் 9ஆம் சுற்றில் அதே கதை.

ஒரே இடத்தில் விழும் குத்துக்கு ஓய்வு, புள்ளிக்கழிவு, தகுதிநீக்கம் என்று மூன்று விளைவுகள். எனவே ‘விதிமீறல்’ பொதுச்சொல்லாக இருக்கட்டும். அதன் முன் ‘தற்செயல்’, ‘வேண்டுமென்ற’ என்ற அடைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டியலுக்கு என் வரிகள்:

கச்சைக்கோடு: இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி உடலின் குறுக்கே கருதப்படும் எல்லை, உடையின் பட்டை அன்று.
கச்சைக்கீழ்க் குத்து: அக்கோட்டுக்குக் கீழே விழும் குத்து.
பிடரிக்குத்து: பின்கழுத்திலோ பின்மண்டையிலோ விழும் குத்து.

முதல் வரியில் ‘கருதப்படும்’ என்பதற்கு இன்னும் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.