மறு: அகாடமி 'ரிலீஸ்' – 'விடுவிப்பு' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கால்பந்துச் செய்திகளுக்கு நாம் போடும் தமிழ்ச்சொல் பட்டியலில், கிளப்புகள் சிறுவர்களை வளர்க்கும் 'அகாடமி'யைப் பயிலகம் என்பதா, பயிற்சிக்கூடம் என்பதா என்று இந்த மடல் இழை சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு 'அகாடமி'யே போதும். வாசகருக்குப் புரிகிற சொல்லை மாற்றி என்ன ஆகப்போகிறது?

ஒரு கிளப் தன் வீரரைச் சில காலம் வேறு கிளப்பில் ஆடவிடும் 'லோன்' விஷயத்திலும் நீண்ட சண்டை தேவையில்லை. பணம் என்றால் கடன், பொருள் என்றால் இரவல் என்று வீட்டிலேயே பிரித்துத்தான் பேசுகிறோம். வாங்கிய அதே நோட்டையே கடன்காரரிடம் யாரும் திருப்பித் தருவதில்லை. இரவல் வாங்கியதை அப்படியே தந்தாக வேண்டும். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப், தன் இளம் வீரர் ஹாரி கேனை லெய்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என நான்கு கிளப்புகளுக்கு அனுப்பி ஆடவிட்டுத் திரும்ப அழைத்துக்கொண்டது. 'கேன் இரவலில் போனார்' என்றால் விஷயம் முடிந்தது. 'கடனில் போனார்' என்றால் ஏதோ வட்டி கட்டப் போனது மாதிரி இருக்கிறது.

எனக்கு உறுத்துவது, கிளப் ஒரு வீரரை இனி வேண்டாம் என்று அனுப்பிவிடும் 'ரிலீஸ்'தான்.

> ஐபிஎல் செய்திகளில் ஆண்டுதோறும் 'விடுவிக்கப்பட்ட வீரர்கள்' என்று எழுதுகிறோம். அதையே கால்பந்துக்கும் வைத்தால் என்ன?

ஐபிஎல்லில் விடுவிக்கப்பட்டவர் மறுபடி ஏலத்துக்கு வரலாம், இன்னொரு அணி எடுக்கலாம். அகாடமியில் நடப்பது வேறு. இங்கிலாந்தில் 9 வயதுக்குட்பட்டோர் அணியிலேயே பையன்களைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அதன்பின் சில பருவங்களுக்கு ஒருமுறை 'இவன் தொடரட்டும், இவன் வேண்டாம்' என்று முடிவெடுக்கிறார்கள். 16 வயதில் பெரிய வடிகட்டல்: கிளப்பிலேயே தொடர்ந்து பயில்வதற்கான இரண்டு ஆண்டு ஸ்காலர்ஷிப் சிலருக்குத்தான். 18 வயதில் மறுபடி ஒன்று: தொழில்முறை ஒப்பந்தம் இன்னும் சிலருக்குத்தான். கேனையே ஆர்சனல் 8 வயதில் வேண்டாம் என்று அனுப்பியது. ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே, உருவம் சிறிது என்று அனுப்பியது. அவர் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே கீழ்மட்ட லீகில் ஆடி, 2012இல் லெஸ்டருக்கு வந்து, 2016இல் பிரீமியர் லீக் பட்டமும் வென்றார். (இந்த இரண்டு கதைகளையும் கிளப்புகளே ஆறுதலாகச் சொல்லித் திரிகின்றன. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொழில்முறை அணிக்கும் திரும்புவதில்லை.) அந்த எட்டு வயதுப் பையனை 'விடுவித்தார்கள்' என்று எழுதினால், அவன் எங்கோ மாட்டிக்கொண்டு தவித்தது போலவும் இவர்கள் பெரிய மனதோடு கதவைத் திறந்துவிட்டது போலவும் ஆகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையைக் கட்டி வீரரை வெளியே எடுக்கும் விதிக்கும் நாம் 'விடுவிப்பு' என்றுதான் சொல்லி வருகிறோம். 2017இல் நெய்மர் பார்சிலோனாவை விட்டு பாரிசுக்குப் போக 22.2 கோடி யூரோ கட்டப்பட்டதே, அது விடுவிப்புத் தொகை. கிளப் விடமாட்டேன் என்கிறது, பணம் கட்டி வெளியே வருகிறார்கள். அகாடமியில் கிளப்பே வேண்டாம் என்கிறது. நேர் எதிரான இரண்டுக்கும் ஒரே சொல்லா?

சொல்லைக் கறாராக வைக்கச் சொல்வதற்குக் காசும் ஒரு காரணம். ஃபிஃபா விதிப்படி, இளம் வீரர் வேறு நாட்டு கிளப்பில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், 12 முதல் 21 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாறும்போது, பழைய கிளப் அந்த வீரருக்கு ஒப்பந்தம் தர முன்வந்திருக்க வேண்டும். இருக்கும் ஒப்பந்தம் முடிய 60 நாளாவது மிச்சமிருக்கும்போது எழுத்தில் தந்திருக்க வேண்டும். தராவிட்டால், தனி நியாயம் காட்டினால் ஒழிய, பொதுவாகத் தொகை கிடையாது. ஆக, 'வேண்டாம்' என்றது கிளப்பா வீரரா என்பதில்தான் கணக்கே இருக்கிறது. பிரெஞ்சு வீரர் ஒலிவியே பெர்னார் வழக்கு நினைவிருக்கும்: அவரை வளர்த்த லியோன் கிளப் ஒப்பந்தம் தந்தது, அவர் மறுத்து 2000இல் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போனார். வளர்த்த செலவுக்கு ஈடு கேட்கும் முறை செல்லும், ஆனால் அது உண்மையான பயிற்சிச் செலவை ஒட்டி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்புச் சொன்னது. பெர்னாரை 'விடுவிக்கப்பட்டவர்' என்று எழுதினால் வழக்கே தலைகீழாகிவிடும்.

> 'நிறுத்தம்' எப்படி? வேலையை விட்டு நிறுத்திட்டாங்க என்றுதானே பேசுகிறோம்.

பேச்சில் எனக்கும் பிடித்தது இதுதான். ஆனால் விளையாட்டுச் செய்தியில் 'நடுக்களத்தில் நிறுத்தினார்' என்றால் ஆடவைத்தார் என்று பொருள். 'நீக்கம்' என்றால் பையன் ஏதோ தப்புச் செய்த வாடை. 'விடைகொடுத்தல்' ஓய்வு பெறும் நட்சத்திரத்துக்கு மாலை போடும்போது சரி.

என் முன்மொழிவு 'தக்கவைக்காமை'. புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 'தக்கவைத்தோர் பட்டியல்' ஏற்கெனவே புழங்குகிறது, அதன் மறுபாதி இது. பருவ முடிவில் இங்கிலாந்து லீக் வெளியிடும் பட்டியலும் இதே இரண்டு பாதியாகத்தான் வருகிறது. முடிவெடுத்தது கிளப் என்பது தெரிகிறது, பையன் மேல் பழி இல்லை. வீரரே மறுத்துப் போனால் 'விலகல்'. 'விடுவிப்பு' நெய்மருக்குக் கட்டியது போன்ற தொகைக்கு மட்டும் இருக்கட்டும்.

-----

ஐயா, வணக்கம்.

'தக்கவைக்காமை' பெயர்ச்சொல்லாக நாக்கில் புரள மறுக்கிறது. தலைப்பில் போட்டால் பாதிப் பத்தி அதுவே தின்றுவிடும். ஆனால் 'ஆர்சனல் கேனைத் தக்கவைக்கவில்லை' என்று வினையாக எழுதிப் பார்த்தேன், உறுத்தவே இல்லை. அதனால் வினையை ஏற்கிறேன், பெயர்ச்சொல்லைப் பட்டியலில் மட்டும் வைப்போம்.

ஒரு இடம் மட்டும் உங்கள் பிரிப்பில் அடங்கவில்லை. ரியல் மாட்ரிட் தன் அகாடமிப் பையன் கார்வஹாலை 2012இல் ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்புக்கு 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. அடுத்த ஆண்டே, முன்பே எழுதிவைத்த உரிமைப்படி, 65 லட்சத்துக்குத் திரும்ப வாங்கியது. இது தக்கவைக்காமையா, விலகலா, இரவலா? வளர்த்துத் தர வேறொருவரிடம் விட்டுக் கூலி கொடுத்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. 'மீள்வாங்கல் உரிமை' என்று எழுதி வருகிறேன். மறுப்பு இல்லையென்றால் இன்று பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். ஸ்காலர்ஷிப் கிடைத்த பையனைக் குறிக்கும் 'ஸ்காலர்' இன்னும் பாக்கி: 'உதவித்தொகை மாணவர்' கட்டாயம் வேண்டாம், கல்லூரி நினைவுக்கு வருகிறது. 'பயில்நிலை வீரர்' சரிப்படுமா?