நாலு ஏக்கர் காடு, ரெண்டு கட்சி: யாராச்சும் வழி சொல்லுங்க

வேதாரண்யம் பக்கம் எங்க நடைக்குழு காசு போட்டு நாலு ஏக்கர் காடு வாங்கிருக்கோம்ங்க, பாதி சீமைக்கருவேல், பாதி 2018 கஜா புயல்ல சாஞ்சும் சாகாத பாலை மரம். இப்ப கமிட்டில பாதிப்பேரு சிமெண்ட் பாதை, தகர ஷெட், சோலார் லைட்டுன்னு எஸ்டிமேட்டே போட்டுட்டாங்க, மீதிப்பேரு கைய வைக்காதீங்கன்னு நிக்குறோம், போன ஞாயித்துக்கெழம டீ ஆறி ஆடை கட்டுற வரைக்கும் சண்டை. வயசானவங்க உக்கார ஒரு எடம் வேணும்ங்குறது நியாயந்தான், அத நான் மறுக்கல. ஆனா ஜேசிபி விட்டு கருவேலைய பெரட்டணும்னு சொல்றாங்க பாருங்க, அதான் பயமாருக்கு. முள்ளு செருப்பத் தாண்டி ஏறி, புடுங்கக் குனிஞ்சப்ப பாத்தேன், கருவேல் நெழல்லயே வெரல் ஒசரத்துக்கு பாலைக் கன்னு ஏழெட்டு. ஐப்பசில வலசை வர்ற ஆறுமணிக்குருவி வேற வந்து எறங்கும்.

கோடியக்கர, முத்துப்பேட்ட பக்கத்து ஆளுங்க இருந்தா சொல்லுங்க. கன்னு சாகாம கருவேலைய கையால வேரோட எடுக்க ஏக்கருக்கு எத்தன ஆளு புடிக்கும்? சரணாலயம் பக்கங்குறதால ஷெட்டு போட வனத்துறைட்ட கேக்கணுமா? அடுத்த மீட்டிங்குக்கு முன்னாடி பதில் கெடச்சா புண்ணியமாப் போவும்.