மலை விடுதிக்கு இறக்குமதி சோபாவா, அயனிக் கட்டிலா?

மலையோரத்தான்:
கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சொகுசு விடுதி எழும்புகிறது. எட்டு அறைக்கும் இத்தாலியத் தோல் சோபா, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அலமாரி என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அங்கே மரவேலை என் பொறுப்பு. எனக்கு இது கொஞ்சமும் சம்மதமில்லை. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. போன ஆடியில் வேறொரு விடுதியில் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தோம். தோல் சோபா முழுக்கப் பூஞ்சை. அலமாரியின் அடிப்பலகை ஊதிப்போய்க் கதவு சாத்த முடியவில்லை. அயனியும் தேக்கும் இந்த ஈரத்திலேயே வளர்ந்த மரங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மரச் சட்டங்களைப் பாருங்கள், எத்தனை மழை கண்டவை!

உள்ளறைக்காரி:
அண்ணாச்சி, அரண்மனையில் இன்று யாரும் படுப்பதில்லையே. விடுதிக்கு வருகிறவர் மூன்று நாள் முதுகு சாய்க்கப் பணம் கொடுக்கிறார். அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் சாய்வு நாற்காலி 1956இல் வந்தது. வளைத்த பிளைவுட், மேலே தோல் மெத்தை. இன்னும் விற்கிறது, ஏனென்றால் அது உடம்புக்கு அளவெடுத்தது. நம் ஊர் மரநாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு பிடிக்கிறது. பூஞ்சை பிடித்தது காற்றோட்டம் இல்லாததால். எம்டிஎஃப் வேண்டாம் என்பது மட்டும் சரி. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரத்தில், ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் கேளுங்கள்.

மலையோரத்தான்:
அளவெடுப்பதை நான் மறுக்கவே இல்லை. சண்டிகருக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே செய்த நாற்காலிகளும் வடிவமைப்பாளர் வேலைதான். தேக்கும் பிரம்பும். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற பொருளை இங்கேயே எடுத்து, இங்குள்ள தச்சர்களை வைத்துச் செய்தார்கள். இன்று வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. அந்த வழியில் போகலாம் என்கிறேன்.

வேர்கிளம்பி ஆசாரி:
இரண்டு பேரும் ஏசியை மறந்துவிட்டீர்கள். இருபது வருடமாக உளி பிடிக்கிறேன், இதில் அடிபட்டவன் நான். சரியாக உலராத அயனியில் கட்டில் செய்து ஏசி அறையில் போட்டால், ஒரே கோடையில் பலகை சுருங்கிப் பொருத்து வாய் பிளக்கும். அப்புறம் பழி ஆசாரி மேல். மரம் காய நாள் கொடுக்க வேண்டும், முதலாளிகளோ திறப்பு விழாத் தேதியோடு வருகிறார்கள். அவசரம் என்றால் ரப்பர் மரம் எடுங்கள். இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் குறைந்து எப்படியும் வெட்டுகிற மரம். போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தியதாக மட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும்.

உள்ளறைக்காரி:
ரப்பர் மரம் எனக்கும் பிடிக்கும், நிறம் வெளிர், அறை வெளிச்சமாகத் தெரியும். ஆனால் மெத்தை, சாய்வு, உயரம் இவற்றை வடிவமைப்பாளர்தான் வரைய வேண்டும். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

மலையோரத்தான்:
வரையட்டும். ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வரையட்டும். மலைக்காற்று வரும் இடத்தில் ஏசி எதற்கு என்றும் முதலாளியிடம் கேட்கிறேன். முதலில் ஓர் அறைக்கு மட்டும் செய்து, ஜூன் மழை முழுவதும் அதைத் திறந்து வைத்துப் பார்க்கப்போகிறேன். மற்ற ஏழு அறைக்கும் முன்பணம் அதுவரை போகாது.