அப்பாவின் 1966 ஹெரால்ட், புனேக்காரர், ஒரு டி.டி.

காவிரிக்கரை (கும்பகோணம்):

வணக்கம். அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். அவருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 1966 மாடல், இரண்டு கதவு, வெளிர்நீலம், மெட்ராஸிலேயே செய்த வண்டி. 948 சிசி எஞ்சின் இன்றைக்கும் இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொள்ளும். ஹெரால்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பானெட் மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாக முன்னால் சாயும். அப்பா முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்பரேட்டர் துடைப்பார். நான் டார்ச் பிடிப்பேன்.

எனக்கும் தம்பிக்கும் அதைப் பராமரிக்க முடியவில்லை. விளம்பரம் போட்ட நாலாம் நாள் புனேயிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வீடியோ காலில் வண்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னார், பழைய வண்டிகளைப் பற்றி அவ்வளவு பிரியமாகப் பேசினார். 3,80,000 ரூபாய் என்றேன், பேரமே பேசவில்லை. அவரால் வர முடியாதாம். சனிக்கிழமை மாலை அவருடைய ஆள் லாரியோடு வருவாராம். கையில் 4,15,000 ரூபாய்க்கு டி.டி. (வங்கி டிமாண்ட் டிராஃப்ட்) இருக்கும், அதை வாங்கிக்கொண்டு லாரி வாடகை 35,000 ரூபாயை மட்டும் அந்த ஆளுக்கு யு.பி.ஐ.யில் அனுப்பிவிட வேண்டும் என்கிறார்.

டி.டி. என்றால் பணம் மாதிரிதானே, செக் போலத் திரும்பாதே என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று அவனுக்கு விளக்கவும் தெரியவில்லை. தொலைதூரத்துக்கு வண்டி விற்றவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேஷியர்:

அம்மா, வங்கி கவுண்டரில் 31 வருஷம் இருந்தவன் சொல்கிறேன், வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

வங்கி பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டுதான் டி.டி. எழுதித் தருகிறது. அதனால் உண்மையான டி.டி. பணமில்லை என்று திரும்பாது. அந்த மட்டும் தம்பி சொன்னது சரி. ஆனால் வருகிற காகிதம் உண்மைதானா என்று சனிக்கிழமை மாலை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? திங்கள்கிழமை நீங்கள் வங்கி வாசலில் நிற்கும்போது லாரி நாலு மாநிலம் தாண்டியிருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து டி.டி.யின் முகப்பில் அதை எடுத்தவர் பெயரும் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். இருக்கிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம், போலி அடிக்கிறவன் அதையும் சேர்த்துத்தான் அடிப்பான்.

எனக்குக் கண்ணில் குத்துவது அந்த 35,000. லாரிக்காரருக்குக் கொடுக்க வேண்டியதை அவரே நேராகக் கொடுக்கலாமே? உங்கள் வழியாக ஏன் சுற்றி வர வேண்டும்? டி.டி. பொய்யானால் வண்டியும் போய், நல்ல பணம் 35,000 ரூபாயும் போகும்.

ஆர்.டி.ஜி.எஸ். கேளுங்கள், அதாவது அவர் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்புவது. 2 லட்சமும் அதற்கு மேலும் அதில் போகும். 2020 டிசம்பரிலிருந்து ராப்பகலாக, ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. புனேயில் உட்கார்ந்தபடியே அனுப்பலாம், வர முடியாது என்பது ஒரு காரணமே இல்லை. பணம் வந்ததை எஸ்.எம்.எஸ்.ஸிலோ அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டிலோ பார்க்காதீர்கள். பாஸ்புக்கைக் கொண்டுபோய் வரவு பதிந்து வாங்குங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகையை வருமான வரித்துறை அபராதமாகப் போடலாம்.

சேலம் அம்பாசடர்:

சார் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. பணம் வந்தால் போதாது, யார் கணக்கிலிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

2023இல் என் மார்க் 2 அம்பாசடரை ஹைதராபாத்காரர் ஒருவருக்கு 2,90,000 ரூபாய்க்கு விற்றேன். பணம் மூன்று தடவையாக, மூன்று பெயரில் வந்தது. ஒன்று மச்சான் கணக்கு, ஒன்று பார்ட்னர் கணக்கு என்றார். வந்தால் சரி என்று விட்டுவிட்டேன். ஏழு வாரம் கழித்து மளிகைக் கடையில் கார்டு வேலை செய்யவில்லை. வங்கியில் போய்க் கேட்டால், வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லிக் கணக்கை முடக்கியிருக்கிறோம் என்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்று யாரோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கினேன். விற்பனை ஒப்பந்தம், வண்டி கைமாறியதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் ஃபார்ம் 29இன் நகல், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அனுப்பி அனுப்பி, கணக்கு திறக்க ஐந்து மாதம் ஆனது. இன்றைக்கும் அந்த வங்கித் தெருவில் போனால் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் பணம் ஒரே கணக்கிலிருந்து, வாங்குகிறவர் பெயரிலேயே வர வேண்டும். பான் கார்டிலும் ஒப்பந்தத்திலும் அதே பெயர் இருக்க வேண்டும். முதலில் 1,000 ரூபாய் மட்டும் அனுப்பச் சொல்லி, அனுப்பியவர் பெயர் ஸ்டேட்மென்டில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். முடிந்தால் இந்த விற்பனைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்துவிடுங்கள், சம்பளக் கணக்கை இதில் நுழைக்காதீர்கள். இன்னொன்று, பணம் வாங்குவதற்கு நாம் க்யூ.ஆர். ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் அடிக்கவோ வேண்டியதில்லை. யாராவது கேட்டால் அப்போதே போனை வைத்துவிடுங்கள்.

ஆர்.டி.ஓ. வாசல்:

மேடம், ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, யார் பெயரில் இருக்கிறது? இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் நீங்கள் ஃபார்ம் 29, 30இல் விற்பவராகக் கையெழுத்துப் போட முடியாது. முதலில் இறந்தவர் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றும் ஃபார்ம் 31, கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தம்பியின் சம்மதம். வண்டி உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் வெளிமாநிலத்துக்கு ஃபார்ம் 28இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று). இதை விட்டுவிட்டு வண்டியை அனுப்பினால் பிறகு விபத்து என்றால் சிக்கல் இங்கேதான் வரும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்கலாம், வி.ஏ. என்று நம்பர் வரும், கட்டணம் 20,000. பழைய வண்டியைப் பிரியமாக வாங்குகிறவர் இதெல்லாம் தெரிந்துதான் வருவார், முதல் வேலையாக ஆர்.சி.யைக் கேட்பார். புனேக்காரர் கேட்டாரா?

காவிரிக்கரை:

கேட்கவில்லை. இதைப் படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வீடியோவில் சீட் துணியைக்கூடப் பாராட்டினார், ஆர்.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேற்று கூப்பிட்டு, உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். அனுப்புங்கள், லாரி வாடகையை நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றேன். நம்பிக்கை இல்லாதவர்களிடம் வாங்க மாட்டேன் என்று கோபப்பட்டார். சாயங்காலம் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். தம்பியிடம் மூவர் எழுதியதையும் படித்துக் காட்டினேன். நாளைக்கு வாரிசுச் சான்றுக்கு அவனே தாலுகா ஆபீஸ் போகிறான்.

காவிரிக்கரை (மூன்று மாதம் கழித்து):

உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். வண்டி பெங்களூருக்குப் போய்விட்டது, 3,60,000. வாங்கியவர் போனில் கேட்ட முதல் கேள்வி, ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதுதான். முந்தின நாள் 1,000 ரூபாய் வந்தது, பெயர் சரியாக இருந்தது. மறுநாள் அவரே நேரில் வந்தார். வங்கியில் என் பக்கத்தில் உட்கார்ந்தே ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பினார், பாஸ்புக்கில் பதிந்து வாங்கிய பிறகுதான் சாவியை எடுத்தேன். அவர் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை, வண்டியை ஒப்படைத்த நேரம் பிற்பகல் 3.40 என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னதும் அவர்தான்.

லாரியில் ஏற்றும் முன் முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். டயர் மேல் எப்படி உட்கார வேண்டும், கார்பரேட்டரில் எந்த இடத்தில் அடைக்கும் என்று அப்பா சொல்லிக்கொடுத்தபடியே அவருக்குக் காட்டிக் கொடுத்தேன்.