அப்டேட்: கூப்பிட்டா திரும்பாத என் 5 வயசு பையன்
போன மாசம் எழுதியிருந்தேன்ல, சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குறான், கிளாஸ்ல கவனமே இல்லன்னு மிஸ் சொல்றாங்கன்னு. முதல்ல காதை டெஸ்ட் பண்ணுங்கன்னு இங்க ஒரு அக்கா சொன்னாங்க, அவங்களுக்கு கோடி நன்றி. இஎன்டி டாக்டர்கிட்ட போனோம், டிம்பனோமெட்ரின்னு செவிப்பறை எப்படி அசையுதுன்னு பாக்குற ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, ரெண்டு காதுலயும் செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருக்காம். பொதுவா வலி இருக்காது, சத்தம் மட்டும் மங்கலா கேக்கும், சளி பிடிக்கிற பிள்ளைங்களுக்கு சகஜம், பெரும்பாலும் 3 மாசத்துல தானா வடிஞ்சிரும், அப்புறம் திரும்ப பாக்கலாம்னாங்க. எத்தனை தடவை திட்டியிருக்கேன், நெனச்சா மனசு ஆறல. இப்போ அடுப்படியில இருந்து கத்துறதில்ல, டிவிய நிறுத்திட்டு, பக்கத்துல போய் முட்டி போட்டு உக்காந்து, மூஞ்சிய பாத்து ஒரே ஒரு விஷயம் சொல்றேன். நேத்து "ஷூவ எடுத்துட்டு வா தங்கம்"னேன், ரெண்டையும் நெஞ்சோட அணைச்சுட்டு ஓடி வந்தான்.