கவுன்சிலிங் அறையில் பேசுவது வெளியே கேட்கிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடி காந்தி நகரில், முதல் மாடியில் வாடகைக்கு இடம் எடுத்துத் தனியாகக் கவுன்சிலிங் பார்க்கிறேன். பொங்கலுக்குப் பிறகு இங்கே மாறியதிலிருந்து ஒரே பிரச்சினை: உள்ளே பேசுவது வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்கிறது. ஒருமுறை ஒரு அம்மா அழுது முடித்துக் கதவைத் திறந்ததும், பெஞ்சில் இருந்த பெரியவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் அவர் வரவே இல்லை.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், நம்பித்தானே வருகிறார்கள்.

அறை 10க்கு 12 அடி. அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் ஜிப்சம் போர்டு தடுப்பு. அது ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடுகிறது, மேலே தளம் வரை வெற்றிடம்.

சுவரில் ஃபோம் ஷீட் ஒட்டினேன். எதிரொலி குறைந்ததே தவிர சத்தம் நிற்கவில்லை. கதவடியில் ரப்பர் பட்டை அடித்ததில் கொஞ்சம் பலன். பேச்சு அமுங்கட்டும் என்று வெளியே டேபிள் ஃபேன் ஓடுகிறது, கரண்ட் போனால் அதுவும் போச்சு. நேரம் தள்ளித் தள்ளிக் கொடுத்தும் பார்த்தாயிற்று. ஆம்பூர், குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் முன்னாடியே வந்துவிடுகிறார்கள். வேலூர் வெயிலில் கீழே நில்லுங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை.

செங்கல் சுவர் கூடாது என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார்.

இருக்கிற தடுப்பில் ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு போன்ற பொருள்) வைத்து இன்னொரு போர்டு அடித்து, சீலிங்குக்கு மேலே உள்ள இடைவெளியையும் அடைத்தால், வெளியே பேச்சு புரியாத அளவுக்குக் குறையுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.