ரெண்டாவது குழந்தைக்கு முயற்சி, நாள் ஒழுங்கில்லாத பீரியட்ஸ்: நீங்க பார்த்ததை எழுதுங்க

லேப் டெக்னீஷியன், அம்பத்தூர்

இந்த ஒருத்தங்க முகம் மட்டும் மனசை விட்டுப் போகல. கையில சீட்டு, "டே 21 ப்ரோஜெஸ்டிரோன்". முட்டை வெடிச்ச பிறகு ரத்தத்துல கூடுற ஹார்மோன் அது. பக்கத்துல யூனிஃபார்மோட எல்கேஜி பையன். நாள் எண்ணி கரெக்டா 21-லதான் வந்திருந்தாங்க. ரிசல்ட் 0.4. ரிப்போர்ட்டை வாங்கின கவுன்டர்லயே நின்னு, "அப்போ எனக்கு முட்டையே வெடிக்கலையா?"ன்னு கேட்டாங்க. சைக்கிள் எத்தனை நாள்னு விசாரிச்சா 42, சில மாசம் 45. அவங்களுக்கு முட்டை வெடிக்க வேண்டிய நாளே இன்னும் வரல. அதை யாரும் அவங்ககிட்ட சொல்லல.

21-ங்கிறது 28 நாள் சைக்கிளுக்கான கணக்கு. முட்டை வெடிச்சதுலேர்ந்து அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் உள்ள பின்பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாள், அது ரொம்ப மாறாது. இழுத்துக்கிட்டுப் போறதெல்லாம் முன்பாதிதான். அதனால பின்னாலேர்ந்து எண்ணணும். அடுத்தது எதிர்பார்க்கிற நாளுக்கு 7 நாள் முன்னாடி ரத்தம் கொடுக்கணும். 35 நாள் சைக்கிள்னா 28-ஆம் நாள், 42-ன்னா 35-ஆம் நாள். எப்போ வரும்னே தெரியலைன்னா 28, 35, 42-ன்னு பீரியட்ஸ் வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவை. மில்லிக்கு 3 நானோகிராம் தாண்டினா முட்டை வெடிச்சிருக்குன்னு அர்த்தம். சில லேப்ல நானோமோல்ல போடுவாங்க, அந்த அளவுல இதே 3 சுமார் 9.5-ஆ தெரியும். யூனிட்டைப் பார்க்காம ரெண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடாதீங்க.

மருந்துக்கடை, புரசைவாக்கம்

மேல சொன்னது சரி. ஆனா நாள் எண்ணத் தொடங்குற அந்த "டே 1" எந்த ரத்தப்போக்குன்னு முதல்ல கேளுங்க சார்.

எங்க தெருவுலேயே ஒரு அம்மா. மூத்தவளுக்கு ஆறு வயசு. "எனக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதுங்க, ஆனா நிக்க மாட்டேங்குது"ன்னாங்க. எப்படி ஒழுங்காச்சுன்னு கேட்டா, போன்ல ஒரு பழைய அட்டையோட படத்தைக் காட்டினாங்க. பீரியட்ஸ் வரவைக்கிற மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் 10 மி.கி. ஒரு தடவை டாக்டர் எழுதினதை வெச்சு, நாள் தள்ளும்போதெல்லாம் அவங்களே வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. நடுவுல தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்காகத் தள்ளிப்போடுற மாத்திரை வேற, நாரெத்திஸ்டிரோன் 5 மி.கி. ஒரு நாளைக்கு மூணு.

ஹார்மோனைக் கொடுத்து நிறுத்தினா கர்ப்பப்பை உள்சவ்வு உதிரும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள ரத்தம் வரும். அது முட்டை வெடிச்சு வந்த பீரியட்ஸ் இல்ல. காலண்டர் அழகா இருக்கும், முட்டை ஒண்ணுகூட வந்திருக்காது. உள்சவ்வு ரொம்ப நாள் உதிராம தடிச்சுக்கிட்டே போகக் கூடாதுங்கிறதுக்காகவும், சிகிச்சையை ஒரு நாள்ல தொடங்கணும்ங்கிறதுக்காகவும்தான் டாக்டருங்க அதைக் கொடுக்கிறாங்க.

வரவைக்கிற மாத்திரைக்கு முன்னாடி கர்ப்பம் பார்க்கிற கார்டு டெஸ்ட் கட்டாயம். நாள் நிலையில்லாதவங்களுக்கு "தள்ளிப்போன நாள்"னு ஒண்ணு கிடையாது, அதனால கடைசியா சேர்ந்த நாளுக்கு 21 நாள் கழிச்சுப் பாருங்க. காலையில முதல் யூரின், அட்டையில சொல்லியிருக்கிற அளவு சொட்டு மட்டும். அதுல போட்ட நேரத்துக்குள்ள படிச்சிருங்க. அரை மணி கழிச்சுத் தெரியுற மங்கலான கோட்டை வெச்சு சந்தோஷப்படவும் வேண்டாம், அழவும் வேண்டாம். மாத்திரை முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகியும் வரலைன்னா அடுத்த அட்டையை வாங்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. கர்ப்பமா இருக்கலாம், ஈஸ்ட்ரோஜன் குறைவா இருக்கலாம், முன்னாடி டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் பண்றது) பண்ணியிருந்தா கர்ப்பப்பை உள்ளே ஒட்டியிருக்கலாம்.

நங்கநல்லூர் அம்மா

இவ்வளவு ஊசியும் ரத்தமும் எதுக்குங்க? முட்டை வெடிக்கிற நாளைக் காட்டுற ஓவுலேஷன் கிட் வாங்கி காலையில யூரின்ல பார்த்தா ரெண்டு கோடு வந்துடும், முடிஞ்சுது. எதிர்வீட்டுப் பொண்ணுக்கு அப்படித்தான் நின்னுது.

ஸ்கேன் ரூம்

நங்கநல்லூர் அம்மா, உங்க எதிர்வீட்டுப் பொண்ணுக்கு சைக்கிள் ஒழுங்கா இருந்திருக்கும். பிசிஓடி, அதாவது ஓவரியில சின்ன முட்டைப்பைகள் நிறைய இருந்தும் ஒண்ணும் ஒழுங்கா முதிராத நிலை, இருக்கிறவங்களுக்கு அந்தக் கிட் ஏமாத்தும். அது தேடுறது முட்டையை வெடிக்க வைக்கிற எல்ஹெச் ஹார்மோனை, அது இவங்கள்ல பலருக்கு எப்பவுமே கூடுதலா இருக்கும். ஒருத்தங்க டேபிள்ல படுத்துக்கிட்டே போனை நீட்டினாங்க. கார்டுகளை வரிசையா அடுக்கி எடுத்த படம், எல்லாத்துலயும் ரெண்டு கோடு. "எதை நம்புறது மேடம்?" ஸ்கேன்ல ரெண்டு ஓவரியிலயும் ஓரமா சின்னச் சின்ன முட்டைப்பைகள், ஒண்ணுகூட 10 மி.மீ. தாண்டல.

கிட் பயன்படுத்துறதா இருந்தா, ரெண்டாவது கோடு தெரிஞ்சா மட்டும் போதாது; கன்ட்ரோல் கோட்டுக்குச் சமமாவோ அதைவிட அடர்த்தியாவோ இருக்கணும். அதுக்கப்புறம் 24 முதல் 36 மணி நேரத்துல வெடிக்கும். காலை முதல் யூரின் கர்ப்ப டெஸ்டுக்குத்தான். இதுக்கு மதியத்துலேர்ந்து சாயங்காலத்துக்குள்ள, அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே தண்ணியைக் குறைச்சுக்கணும். கடந்த ஆறு மாசத்துல வந்த மிகக் குட்டையான சைக்கிள்லேர்ந்து 17-ஐக் கழிச்சா வர்ற நாள்ல ஆரம்பிக்கணும். 36 நாள்னா 19-ஆம் நாள்.

ஃபாலிக்குலர் ஸ்டடிக்கு (முட்டைப்பை வளர்றதை ஸ்கேன்ல தொடர்ந்து பார்க்கிறது) வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கர்ப்பகால ஸ்கேனை ஞாபகம் வெச்சுக்கிட்டு ஒரு லிட்டர் தண்ணி குடிச்சு அடக்கிட்டு வராதீங்க. உள்வழி ஸ்கேனுக்கு மூத்திரப்பை காலியா இருக்கணும். முன்னணி முட்டைப்பை ஒரு நாளைக்கு 1.5 முதல் 2 மி.மீ. வளரும். 12 தாண்டினதும் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்ப்போம். 18-லேர்ந்து 24 மி.மீ.க்குள்ள வெடிக்கும். உள்சவ்வு 7 மி.மீ.க்கு மேல இருந்தா நல்லது. நீளமான சைக்கிள்ல 10, 12, 14-ஆம் நாள்னு மூணு ஸ்கேன் பார்த்து "வளரல"ன்னு மூடிட்டா, 24-ஆம் நாள் வளர ஆரம்பிச்ச முட்டையை யாரும் பார்க்கப் போறதில்ல. வெடிச்சதும் அந்தப் பை சுருங்கி, கர்ப்பப்பைக்குப் பின்னால கொஞ்சம் திரவம் தெரியும். அந்தக் கடைசி ஸ்கேனை மட்டும் செலவு பார்த்து விட்டுடுறாங்க. முடிவைச் சொல்றதே அதுதான்.

இன்னொண்ணு. "மாசத்துக்கு ரெண்டு தடவை வருது"ன்னு சொல்ற எல்லாருமே ஒழுங்கில்லாத சைக்கிள் இல்ல. முதல் பிரசவம் சிசேரியனான்னு கேளுங்க. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன், அதனால இதை அடிக்கடி பார்க்கிறோம். தையல் போட்ட இடத்துல சின்னக் குழி விழுந்திருக்கும், ஸ்கேன்ல முன்சுவர்ல கறுப்பு முக்கோணமா தெரியும். ரத்தம் அதுல தேங்கி, பீரியட்ஸ் முடிஞ்ச பிறகும் பல நாள் பழுப்பா கசியும். அந்தக் கசிவை "டே 1"-ன்னு எண்ணினா எல்லாக் கணக்கும் போச்சு. நல்லா சிவப்பா, பேட் வைக்கிற அளவு வந்த நாள்தான் முதல் நாள். குழி இருக்கிற எல்லாருக்கும் ஆபரேஷன் வேணாம். வேணும்னா, குழிக்கு மேல மிஞ்சியிருக்கிற தசை எத்தனை மி.மீ.ன்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்லுங்க. 3-க்குக் கீழன்னா உள்வழியா கேமரா விட்டுச் சரிபண்ணத் தயங்குவாங்க, மூத்திரப்பை பக்கத்துலயே இருக்கு.

ஓபி சிஸ்டர்

முட்டை வளரக் கொடுக்கிற லெட்ரோசோல் மாத்திரை பத்தி யாரும் எழுதலையே. ஒரு வீட்டுக்காரர் அட்டையைத் தூக்கிட்டு வந்து டேபிள்ல வெச்சார். "இது மார்பகப் புற்றுநோய் மாத்திரை. என் பொண்டாட்டிக்கு ஏன் கொடுத்தீங்க?" அந்தப் பொண்ணு அவருக்குப் பின்னால தலை குனிஞ்சு நின்னது. அந்த மாசம் மாத்திரை போடவே இல்ல.

அவர் படிச்சது பொய்யில்ல. 2011-ல இந்தியாவுல குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. 2017-ல நீக்கிட்டாங்க. பிசிஓடி-ல முட்டை வளர இன்னைக்கு முதல்ல கொடுக்கிற மாத்திரை இதுதான். 2014-ல வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுல, முட்டை வளரக் கொடுக்கிற இன்னொரு மாத்திரையான குளோமிஃபீன் எடுத்தவங்கள்ல 19.1 சதவீதம் பேருக்கும் இதை எடுத்தவங்கள்ல 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்துச்சு. தினம் 2.5 மி.கி., சைக்கிளோட 2 முதல் 6 அல்லது 3 முதல் 7-ஆம் நாள் வரை, ஒரே நேரத்துல. முட்டை வளரலைன்னா அடுத்த சுற்றுல டாக்டர் 5, அப்புறம் 7.5-ன்னு ஏத்துவாங்க. கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் தொடங்கணும். போன மாசம் மிச்சமான மாத்திரையை நீங்களா போடாதீங்க.

தாம்பரம், ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்

பக்கத்து ஃபிளாட் மருமகளுக்கு தைராய்டு மாத்திரை 50, 75, 100-ன்னு ஏறிக்கிட்டே போச்சு, தைராய்டு ரத்த டெஸ்ட்ல பார்க்கிற டிஎஸ்ஹெச் 6-ஐ விட்டு இறங்கல. காலையில போனப்பதான் பார்த்தேன். மாமியார் ஃபில்டர் காபியையும் மாத்திரையையும் ஒரே தட்டுல வெச்சு நீட்டுறாங்க, மறந்துடுவாளேங்கிற அக்கறையில.

கண்ணுங்களா, காபி அந்த மாத்திரையை உடம்புல சேரவிடாது. வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. அப்புறம் அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேர இடைவெளி. டோஸ் மாத்தினா 6 முதல் 8 வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணுங்க, ரெண்டே வாரத்துல பண்ணினா காசுதான் வீண். ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க குழந்தைக்கு முயற்சிக்கும்போது டிஎஸ்ஹெச் 2.5-க்குக் கீழ இருக்கட்டும். கார்டுல ரெண்டு கோடு வந்த அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க, டோஸ் ஏத்த வேண்டியிருக்கும்.

பிரசவத்துக்கு அப்புறம் முடி கொட்டுதுன்னு பயோட்டின் சாப்பிடுறீங்களா? அது பல மெஷின்ல தைராய்டு அளவைத் தப்பாக் காட்டும். டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்துங்க, லேப்லயும் சொல்லுங்க.

பால் சுரக்க வைக்கிற ஹார்மோனான புரோலாக்டின் கூடியிருந்தா உடனே பயந்து மூளை ஸ்கேனுக்கு ஓடாதீங்க. மூத்தது இன்னும் ராத்திரி பால் குடிக்குதான்னு பாருங்க. வயித்து உப்புசத்துக்குச் சாப்பிடுற கேப்ஸ்யூல்ல டாம்பெரிடோன் கலந்திருக்கான்னு அட்டையைத் திருப்பிப் படிங்க, அதுவும் ஏத்தும். தூங்கி எழுந்து ரெண்டு மணி நேரமாவது கழிச்சு, லேப்ல கொஞ்சம் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கிட்டு ரத்தம் கொடுங்க. முதல் கர்ப்பத்துல சர்க்கரை இருந்திருந்தா இப்பவே 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்துடுங்க, அடுத்தது நிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் முயற்சி தொடங்கும்போதே ஆரம்பிக்கணும். சர்க்கரை, வலிப்பு இருக்கிறவங்களுக்கு டோஸ் அதிகம், கேட்டுக்கோங்க. சஷ்டி விரதம் இருக்கிறவங்க சர்க்கரைக்கும் பிசிஓடி-க்கும் கொடுக்கிற மெட்ஃபார்மினை வெறும் வயித்துல போடாதீங்க, குமட்டும். அப்புறம் எல்லாரும் ராத்திரி சோறை நிறுத்துங்க, எடை குறைஞ்சா தானா வந்துடும்.

டயட்டீஷியன், வேளச்சேரி

சிஸ்டர், மத்ததெல்லாம் சரி, கடைசி வரி வேண்டாம். எடை கூடுதலா இருக்கிறவங்க 5 முதல் 10 சதவீதம் குறைச்சா பலருக்கு முட்டை வர ஆரம்பிக்கும், உண்மை. ஆனா என்கிட்ட வந்த ஒருத்தங்க 43 கிலோ. பிசிஓடி-ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு சோறையே விட்டிருந்தாங்க, தினம் மெரினாவுல ஓட்டம் வேற. பீரியட்ஸ் சுத்தமா நின்னுபோச்சு. உடம்புக்குத் தேவையானது கிடைக்கலைன்னா மூளை முட்டைக்கு உத்தரவு கொடுக்கிறதையே நிறுத்திடும். அவங்களுக்கு மருந்தே சோறுதான்.

நகர்ப்புற சுகாதார செவிலியர்

ரெண்டே கேள்வி, யாரும் கேட்கிறதில்ல. முதல் குழந்தைக்கு அப்புறம் அந்தரா கருத்தடை ஊசி போட்டீங்களா? மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுறது. கடைசி ஊசியிலேர்ந்து கருத்தரிக்கவே சராசரியா 7 முதல் 10 மாசம் ஆகும், நடுவுல தாறுமாறா ரத்தம் வரும். அது நோயில்ல. ரெண்டாவது, பிரசவத்தப்பவே காப்பர்-டி வெச்சாங்களா? "தானா விழுந்துடுச்சுன்னு நினைச்சேன்"னு ஒரு பொண்ணு சொன்னா. ஸ்கேன்ல அது கர்ப்பப்பைக்குள்ள பத்திரமா இருந்துச்சு, நூல் மட்டும் மேல சுருண்டிருந்துச்சு. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படிச்சுப் பாருங்க.

ஆண்ட்ராலஜி லேப், அண்ணா நகர்

"மொதல் குழந்தை எனக்குத்தானே பொறந்துச்சு, எனக்கு எதுக்கு டெஸ்ட்?" கவுன்டர்ல சத்தமா கேட்டார். பக்கத்துல அவர் மனைவியோட ஃபைல், இந்த மொத்தம். இவர் டெஸ்ட் ஒண்ணுகூட அதுல இல்ல.

பீரியட்ஸ் ஒழுங்கில்லைன்னு தெரிஞ்சதும் வீட்டுல காரணம் கிடைச்சிடுச்சுன்னு நிறுத்திடுறாங்க. விந்தணு உருவாகி வர ரெண்டரை மாசம் கிட்ட ஆகும். டெங்குவோ கடும் காய்ச்சலோ வந்திருந்தா மூணு மாசம் கழிச்சு வாங்க. 2 முதல் 7 நாள் விலகியிருந்து கொடுக்கணும். எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை கூடாது. லேப் கொடுக்கிற டப்பாவுல முழுசும் சேரணும். முதல்ல வர்ற சொட்டுலதான் அணுக்கள் அதிகம், அது சிந்தியிருந்தா மறைக்காம சொல்லுங்க. வீட்டுலேர்ந்து கொண்டுவர்றதா இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள, சட்டைக்குள்ள உடம்பை ஒட்டி வெச்சுக்கிட்டு வாங்க. வண்டி சீட்டுக்கு அடியில வெயில்ல வெந்துடும். ஆவடியிலேர்ந்து சாயங்கால டிராஃபிக்ல வர்றவங்க இங்கேயே கொடுக்கிறது நல்லது. உலக சுகாதார அமைப்போட 2021 குறைந்தபட்ச அளவு: 1.4 மி.லி., மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஒரு ரிப்போர்ட் குறைவா வந்தா அதோட முடிவு கட்டாம இன்னொரு தடவை எடுங்க.

லேப் டெக்னீஷியன், அம்பத்தூர்

ஏஎம்ஹெச் ரத்த டெஸ்ட்ல 8.2 வந்திருக்கு, அதிகம்னா நல்லதுதானேன்னு தனியா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. கையிருப்புல முட்டைப்பை நிறைய இருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். மாசாமாசம் ஒண்ணு முதிர்ந்து வெடிக்குதான்னு சொல்லாது. பிசிஓடி-ல இப்படித்தான் கூடுதலா வரும். முட்டை வளர ஊசி போடுறதா இருந்தா இந்த ரிப்போர்ட்டை மறக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க, இவங்களுக்கு ஓவரி அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குற ஆபத்து அதிகம், டோஸைக் குறைச்சுத்தான் தொடங்குவாங்க. இந்த டெஸ்டுக்கு ரெண்டாம் நாள் வரைக்கும் காத்திருக்க வேணாம், எந்த நாளும் எடுக்கலாம். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரடயால் ஹார்மோன் டெஸ்டுக்குத்தான் 2-ஆம் அல்லது 3-ஆம் நாள்.

ஒரு வருஷம் முயற்சி பண்ணிட்டு வாங்கங்கிறது சைக்கிள் ஒழுங்கா இருக்கிற, 35 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு. 35 தாண்டினவங்களுக்கு ஆறு மாசம். சைக்கிள் 35 நாளுக்கு மேல இழுக்கிறவங்க எந்த வயசா இருந்தாலும் இப்பவே போகலாம்.